ஆறாம் பாட்டிலில் வெறும் தண்ணீர்

கம்ப்யூட்டரில் படிவம் ஏற்றுகிறவளுக்குப் பேய் பயம் வரக் கூடாது. எனக்கு வந்தது. அதுவும் பகல் பதினொரு மணிக்கு, தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது.

ஆறாம் பாட்டில் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் 'வாசனை இல்லை' என்றுதான் வர வேண்டும். அந்தப் பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர். கல்வராயன் மலையில் தும்பைப்பாறை என்ற சின்ன ஊரிலிருந்து அன்று ஏழு பேரின் படிவம் வந்திருந்தது. முதல் ஆளுக்கு அந்தக் கட்டத்தில் 'செத்த வீட்டு வாசனை' என்று இருந்தது. யாரோ குசும்பு பண்ணியிருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்ததிலும் அதுவே இருந்தது. ஏழில் ஐந்து பேர் அதையே சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

படிவங்களை அனுப்பியவர் அஸ்ரப் நிஷா. எனக்கு நிஷாக்கா. அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் பேயை இழுத்துவிட்டேன்.

நிஷாக்கா மணலூர்பேட்டையில் பிறந்து, கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஜமால் முகமதுவுக்கு வாழ்க்கைப்பட்டவர். இது நடந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. பத்தாவது வரை படிப்பு. குள்ளம், நடந்தால் நம்மால் கூடவே போக முடியாது. கொரோனா முதல் வருடம் வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கும் வேலைக்கு ஆள் தேடினார்கள், எல்லோரும் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட நேரத்தில் இவர் துணிந்து போனார். அடுத்த வருடம் மே மாதம் அவருக்கே வந்தது. அதே வாரத்தில் அவருடைய அக்கா சபாவுக்கும் வந்தது. சபாக்கா ஆஸ்பத்திரியில் இறந்தார். இவர் பின்கட்டு அறையில் தனியாகப் படுத்துக் கிடந்து பிழைத்தார். இதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. ஊரில் யாராவது முஸ்லிம் பெண் இறந்துவிட்டால் மட்டும் அன்றைக்கு லீவு கேட்பார். சொந்தக்காரராக இருக்கும் என்று விட்டுவிடுவேன். கேள்வி கேட்கிற வேலையில் இருந்துகொண்டு நான் கேட்காமல் விட்ட கேள்விகளே அதிகம்.

கொரோனா வந்துபோன பெரியவர்களின் உடம்பில் வருடங்கள் கழித்தும் என்னென்ன மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. சென்னையிலிருந்து நடத்தினார்கள். கள்ளக்குறிச்சியில் சிமெண்ட் கடை மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் நைனார்பாளையத்து ஜெயசுதாவாகிய நான். ஊருக்குள் போய் ஆட்களைப் பார்ப்பது நிஷாக்கா. மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போவது டாக்டர் அன்புச்செல்வன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே ஆட்களை நிஷாக்கா போய்ப் பார்ப்பார். இருபது மீட்டர் கயிறு போட்டு ஆறு நிமிடம் நடக்கவிடுவார். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று கேட்பார். பத்து வார்த்தை சொல்லிவிட்டு, ஊர்க்கதை பேசி டீயும் குடித்துவிட்டு, "இப்ப அந்தப் பத்தையும் திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்" என்பார். கடைசியாகப் பையிலிருந்து ஆறு பழுப்பு நிறப் பாட்டில்களை எடுப்பார். ஐந்தில் பஞ்சில் தோய்த்த வாசனைகள்: காப்பி, ஏலக்காய், பூண்டு, எலுமிச்சை, கிராம்பு. ஆறாவது தண்ணீர். கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு மூக்கு செத்துவிடுகிறது. சிலருக்குத் திரும்பி வரும்போது கோணலாக வருகிறது. இன்னும் சிலருக்கு ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வாசனை வருகிறது. அந்த மூன்றாவது வகையைப் பிடிப்பதற்குத்தான் ஆறாம் பாட்டில்.

தினமும் காலையில் கிளம்பும் முன் ஆறையும் மோந்து பார்த்து, சரியாக இருக்கிறதென்று போனில் டிக் அடிக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும்போதே டாக்டர் கேட்டார், "உங்களுக்கும் கொரோனா வந்திருக்கே, மூக்கு எப்படி?" என்று. "அப்ப போச்சுங்க சார். இப்ப நல்லா வந்துடுச்சி" என்றார் நிஷாக்கா. காப்பி பாட்டிலைத் திறந்து மோந்து, "அப்பா, இன்னா மணம்!" என்று சிரித்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

2024 ஆனி மாதம் வரைக்கும் டவுனில்தான் வேலை. கருணாபுரத்தில் அந்தக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு எந்தக் கேள்வித்தாளையும் தூக்கிக்கொண்டு எந்த வாசலிலும் நிற்க முடியவில்லை. "செத்தவங்கள கேக்க நாதியில்ல, இருமல கேக்க வந்தியா?" என்று ஒரு பெண் கேட்டாராம். நியாயமான கேள்விதான். அதனால் மலையில் புதிதாக ஆள் சேர்க்கலாம் என்று முடிவானது. கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறி, வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் தும்பைப்பாறை.

முதல் நாள் போகும்போதே ஒரு சின்னச் சேதம். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது பை உருண்டு, ஆறாவதான தண்ணீர் பாட்டில் உடைந்துவிட்டது. சென்னைக்கு எழுதிப் போட்டால் ஒரு மாதம் ஆகும். அன்று திரும்பி வந்துவிட்ட நிஷாக்கா, வீட்டுப் பரணில் அதே அளவில் ரப்பர் மூடி போட்ட ஒரு பழுப்புப் பாட்டில் சும்மா கிடந்ததை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, வெயிலில் காயவைத்தார். "மோந்து பாத்துட்டேன் சுதா, ஒரு வாசனையும் இல்ல" என்று போனில் சொன்னார். நானும் சரி என்றேன்.

மறுநாள் மலையில் எடுத்து, அதற்கடுத்த நாள் காலையில் எனக்கு வந்தவைதான் அந்த ஏழு படிவங்கள்.

செல்லியம்மாளை அந்த ஏழு பேரில் ஒருவராகத்தான் நிஷாக்கா சந்தித்தார். ஐம்பதை ஒட்டிய வயது. சாமை போடக் கொஞ்சம் காடு, நாலு ஆடு, தனிக்கட்டை. அவருடைய கணவரை இரண்டாம் அலையில் மூச்சுத் திணறலோடு 108-இல் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். கீழேயே எரித்துவிட்டார்கள். மலைக்குத் திரும்பி வந்தது அவருடைய செல்போனும் ஒரு துண்டும்தான். செல்லியம்மாளுக்கு அப்போதே வந்து போன நோயால் இப்போதும் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதற்கும் சர்க்கரைக்கும் வெள்ளிமலையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து பாட்டிலையும் அவர் சரியாகச் சொன்னாராம். ஆறாவதை மூக்கருகே கொண்டுபோனதும் கை அப்படியே நின்றுவிட்டது.

"பாய்வூட்டம்மா, இத எங்கருந்து கொண்டாந்த?"

"வெறும் தண்ணிங்கம்மா. உங்களுக்கு இன்னா வாசன வருது, அதச் சொல்லுங்க."

"செத்த வூட்டு வாசன. குளிப்பாட்டி, மால போட்டு, கெடத்தி வெச்ச வாசன." பாட்டிலைத் திருப்பித் தர மனமில்லாமல் இன்னொரு முறை மோந்தாராம். "அவரு தல மேல ஒரு சொம்பு தண்ணி வுழல. அதான் தண்ணியத் தேடிக்கினு வந்துட்டாரு."

நிஷாக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனாலும் படிவத்தில் எழுத வேண்டியதை எழுதி அனுப்பிவிட்டார். வேலை என்றால் அவர் அப்படி.

அடுத்த மூன்று வாரத்தில் அந்த ஊரில் மட்டும் இருபத்தொரு பேர் முடிந்தது. பதினேழு பேருக்கு அதே வாசனை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் கேட்டுவிடாதபடி தனித்தனியாக வைத்துத்தான் நிஷாக்கா கேட்டார். அப்படியும் வார்த்தை மாறவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒருவர் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். டாக்டர் அன்புச்செல்வனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை பேருக்கு ஒரே மாதிரி 'இல்லாத வாசனை' எங்கேயும் பார்த்ததில்லை என்றார். எங்களைத் திட்டாமல் போன ஒரே மாதம் அது. எனக்கு மட்டும் அந்தக் கட்டத்தில் கர்சர் போய் நின்றாலே கை அடுத்த கட்டத்துக்குத் தாவும். மோந்து பார்க்காத என் மூக்கிலேயே ஏதோ வருகிற மாதிரி இருக்கும்.

நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பாட்டிலை வாங்கித் திறந்து பார்த்திருக்கலாம். பக்கத்து நாற்காலியில்தான் அந்தப் பை இருக்கும். எனக்குத் தோன்றவில்லை. நிஷாக்கா தினமும் டிக் அடித்துக்கொண்டிருந்தார், டிக்கை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் தும்பைப்பாறையில் செல்லமுத்து இறந்தார். அறுபத்திரண்டு வயது, இதய நோயாளி. ஆறாம் பாட்டிலில் செத்த வீட்டு வாசனை சொன்னவர்களில் பதினாறாமவர். பாட்டிலை மோந்த பத்தாம் நாள் சாவு. அதன் பிறகு அந்த ஊர் மாறிவிட்டது. நிஷாக்கா நடந்து வருவதைத் தூரத்தில் பார்த்ததுமே கதவுகளைச் சாத்தினார்கள். வாசனை வராத நாலு பேரும் வந்த பதினேழு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டார்கள். சாவு கூப்பிட்டவர்களின் பட்டியலை நிஷாக்கா எடுக்கிறார் என்று பேச்சு. பதினேழு பேரில் பாதிப்பேர் மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் கேள்வி. செல்லமுத்துவும் கடைசி நாட்களில் நிறுத்தியிருந்தாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை.

ஐப்பசியில் செல்லியம்மாளைப் பார்த்துவிட்டு வந்த நிஷாக்கா என் முன்னால் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"ஆட்ட அண்ணனுக்குக் குடுத்துட்டாங்க சுதா. புதுச் சேல ஒண்ணு மடிச்சி தலமாட்டுல வெச்சிக்கிறாங்க. சோறு ஒரு வேளதான். மாத்திர அட்ட அப்புடியே இருக்குது. 'எதுக்குப் பாய்வூட்டம்மா, அவரு வந்து நின்னுக்கினு இருக்காரு, நான் மாத்திர போட்டா கோச்சிக்க மாட்டாரா?'ன்னு சிரிச்சிக்கினே கேக்கறாங்க. சாவப்போற மூஞ்சியில அவ்வளோ சந்தோசத்த நான் பாத்ததில்ல. இதுக்கு நான்தான காரணம்?"

"நீங்க கேள்விதான கேட்டீங்க? நோவு உங்களாலயா வந்துச்சி?" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதல்ல, நான் நம்பியதும் அதுதான்.

அதற்கு மறுவாரம் மலையில் நல்ல மழை. கரியாலூரில் பஸ்ஸுக்கு நின்ற நிஷாக்கா தொப்பலாக நனைந்து வந்தார். பையும் ஊறிப்போய், பாட்டில்களில் ஒட்டியிருந்த காகிதப் பெயர்கள் எல்லாம் கூழாகிவிட்டன. மறுநாள் மதியம் அவருடைய கணவரின் செருப்புக்கடையில் உட்கார்ந்து புதிதாக ஒட்டலாம் என்று நானும் போனேன். வெளியே நல்ல வெயில். ஜமால் முகமது உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தோலும் ரப்பரும் கலந்த செருப்புக்கடை நெடி. ஆறு பாட்டிலையும் பையில் இருந்த வரிசைப்படியே எடுத்து வைத்தார் நிஷாக்கா.

முதல் பாட்டிலைத் திறந்து மோந்தார். கண்ணை மூடி ரசித்தார். "காப்பி. எழுதிக்க."

எழுதிவிட்டு, சும்மா நானும் மோந்தேன். பூண்டு.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "காப்பியா? அக்கா, நல்லா மோந்து பாருங்க."

"காப்பிதான். இன்னா மணம் பாரு."

"பூண்டுக்கா. மழையில வரிச மாறிப்போச்சி."

நிஷாக்கா என்னைப் பார்த்தார். பாட்டிலை மறுபடியும் மூக்கில் வைத்தார். இப்போது "ஆமா, பூண்டுதான்" என்றார். நான் இரண்டாவதை எடுத்துக் கொடுத்தேன். வரிசைப்படி ஏலக்காய் இருக்க வேண்டிய இடம். "ஏலக்கா" என்றார். எலுமிச்சை அது. மூன்றாவதைக் கொடுத்தேன். மோந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. மூன்று வருடமாக அந்த மூக்கில் எதுவும் ஏறவில்லை. காப்பி என்று தெரிந்தால் காப்பி வாசனை வந்தது. கோழிக்குழம்பு என்று தெரிந்தால் குழம்பு வாசனை வந்தது. தெரிந்ததையெல்லாம் மனசு மணக்கவைத்தது, மூக்கு சும்மா கூட நின்றது. தண்ணீர் என்று தெரிந்ததால் அந்த ஆறாம் பாட்டில் மணக்கவே இல்லை.

பஞ்சுக்குப் பதில் தண்ணீர் இருந்த அதைத்தான் நான் அடுத்து எடுத்தேன். ரப்பர் மூடி 'டொப்' என்று வந்தது. கற்பூரம். அதற்கடியில் ஊறிப்போன பச்சிலை. அதற்கும் அடியில் லேசாக இனிக்கிற ஏதோ ஒன்று. பதினேழு பேரும் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அந்தக் கடையில், அந்த வெயிலில், எனக்கு முதுகு சில்லிட்டது.

உள்ளே பெட்டி விழுகிற சத்தம் கேட்டது. ஜமால் முகமது கதவருகே வந்து நின்றார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே பத்தடி தூரம் இருக்கும்.

"நிஷா," என்றார். "இத எதுக்கு இங்க தொறந்த?"

"இன்னா இது?" என்று கேட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார். கள்ளக்குறிச்சியில் பெண் மய்யித்து, அதாவது பெண்ணின் உடல், என்றால் குளிப்பாட்ட நிஷாவைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குத்தான் அந்த லீவெல்லாம். இலந்தை இலை போட்ட தண்ணீர் முதலில், கற்பூரத் தண்ணீர் கடைசியில். சபா இறந்த அன்று பின்கட்டு அறையில் காய்ச்சலோடு கிடந்தவர், எழுந்து உட்கார்ந்து இலையைக் கசக்கி, கற்பூரத்தைப் பொடித்து, அத்தர் கலந்து ஒரு பாட்டிலில் ஊற்றி ஜன்னல் வழியாக இவரிடம் கொடுத்திருக்கிறார். ஒரு சொட்டாவது அக்கா மேல் படட்டும் என்று. மூக்கு அப்போதே செத்திருந்ததால் கைக்கு வந்த அளவு போட்டுவிட்டார். அடக்கம் செய்யும் கபரஸ்தானில், உடலைக் கட்டியிருந்த நெகிழிப் பையைத் திறக்க விடவில்லை. இவர் பாட்டிலைத் திருப்பி எடுத்து வந்து, மனைவியிடம் சொல்லாமல் பரணில் வைத்தார். தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. ரப்பர் மூடி மட்டும் அந்த வாசனையை விடவில்லை.

"நல்லா கழுவனேங்க," என்றார் நிஷாக்கா. "கொதிக்கிற தண்ணில போட்டேன். மோந்து பாத்தேன்." இதையே மூன்று முறை சொன்னார். பிறகு அழுதார். எனக்கு அவர் மேல் வந்த கோபம், அந்த அழுகையைப் பார்த்ததும் என் மேலேயே திரும்பியது.

சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நான் நினைத்தது உண்மை. பாட்டிலை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னால் இத்தனை மாத வேலை குப்பைக்குப் போகும், நிஷாக்காவின் வேலையும் போகும். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"காலைல மொத பஸ்ஸுக்கு வா சுதா. அந்தம்மா சோறு துன்னாம கெடக்குது."

மறுநாள் நாங்கள் போகும்போது தும்பைப்பாறையை மஞ்சு மூடியிருந்தது. பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. கதவுகள் சாத்தும் சத்தம் மட்டும் ஒவ்வொன்றாக எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. செல்லியம்மாளின் கதவு மட்டும் திறந்திருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தலைமாட்டில் அந்தப் புதுச் சேலை.

நிஷாக்கா சுற்றி வளைக்கவில்லை. பாட்டிலை எடுத்து நடுவில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அக்காவை, கற்பூரத்தை, ஜன்னலை, பரணை. "வாசன உங்க மூக்குல வர்லங்கம்மா. என் பாட்டில்லருந்து வந்துச்சி. என் மூக்குதான் செத்துப்போச்சி, அது எனக்கே தெர்ல. உங்கள யாரும் கூப்புடல. மாத்திர போடுங்க, உங்க கால்ல வேணாலும் வுழறேன்."

செல்லியம்மாளுக்கு உயிர் திரும்பி வரும், பெருமூச்சு விடுவார், எங்களைத் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் பாட்டிலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அவரு வர்லயா?" என்றார்.

நிஷாக்கா இல்லையென்று தலையாட்டினார்.

"மூணு வருசமா ஒரு கனவுலகூட வர்ல. இப்பதான் வந்தாருன்னு இருந்தேன்." நிஷாக்கா பக்கம் திரும்பினார். "எதுக்குடி வந்து சொன்ன? சொல்லாமயே போயிருக்கலாமில்ல?"

அந்த 'டி'யில் இருந்த கோபத்தை நான் மறக்க மாட்டேன். செத்துப்போவதைத் தடுக்க வந்தவர்கள் மேல் ஒரு மனுஷிக்கு அவ்வளவு கோபம் வரும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. நிஷாக்கா நகர்ந்துபோய் அவர் பக்கத்தில், தோளோடு தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தார்.

"எங்கக்காவும் வர்லம்மா. நானூறு பொம்பளைங்கள குளிப்பாட்டியிருக்கேன். அவளுக்கு ஒரு சொட்டு ஊத்த முடியல."

அடுத்த வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு செல்லியம்மாள் எழுந்தார். எழும்போது தள்ளாடினார். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அந்தப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினார். யாரையும் கூப்பிடாமல் வெளியே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அன்று கணவரை ஏற்றிய 108 வண்டி நின்ற இடம், பாதை வளைகிற இடத்தில் ஒரு பாறை. பாதித் தண்ணீரை அவர் அதன் மேல் ஊற்றினார். பாட்டிலை நிஷாக்காவிடம் கொடுத்தார். மீதியை இவர் ஊற்றினார். என்ன ஓதினார் என்று எனக்குத் தெரியாது, உதடு அசைந்தது.

"வாசன வருதாம்மா?" என்று கேட்டார் நிஷாக்கா.

"வருது."

"எப்புடி இருக்குது?"

செல்லியம்மாள் சொன்னார். கற்பூரம் முன்னால் வருகிறது, இலை பின்னால் வருகிறது, கடைசியில் பூ மாதிரி ஒன்று இருக்கிறது, அது எந்தப் பூ என்று தெரியவில்லை என்றார். அது அத்தர் என்றார் நிஷாக்கா. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மஞ்சுக்குள் அவர்கள் இரண்டு பேரும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, குரல் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

திரும்பும்போது செல்லியம்மாள் பாட்டிலைக் கேட்டார். "உனக்குத்தான் வாசன தெரியாதே, உனக்கெதுக்கு?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்றால் அதைக் கேட்டு நானே சண்டைக்குப் போயிருப்பேன். நிஷாக்கா பையைத் திறந்தார். "மூணு வேளையும் சோறு துன்னுவீங்களா? மாத்திர போடுவீங்களா? அப்படின்னா வெச்சிக்கங்க." செல்லியம்மாள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து களி சாப்பிட்டார். மீதி வீடுகளுக்கெல்லாம் அவரே முன்னால் நடந்து, அந்த மூடியை எடுத்துக் காட்டி, நடந்ததைச் சொன்னார். நாங்கள் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். செல்லமுத்துவின் வீட்டு வாசலில் மட்டும் மூன்று பேருமே பேசவில்லை.

நாங்கள் போனில் எல்லாவற்றையும் சொன்னதும் டாக்டர் அன்புச்செல்வன் வந்தார். ஆறாம் பாட்டில் கட்டம் முழுவதையும், அந்தப் பதினேழையும் சேர்த்து, என் கையாலேயே அழித்தேன். நிஷாக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கிளம்பும்போது படியில் நின்றுகொண்டு, "அவங்களையும் ஆய்வுல சேர்த்துக்கலாம். பாதிக்கப்பட்டவங்க லிஸ்ட்ல" என்றார்.

அப்படித்தான் அஸ்ரப் நிஷா எங்கள் ஆய்வில் இருநூற்றுப் பதினாலாம் ஆள் ஆனார். அவரைப் பரிசோதித்தது நான். அதே மாடி அறை, காலை பத்து மணி. ஆறு நிமிடம் நடந்தார், நன்றாக நடந்தார். பத்து வார்த்தையில் நாலு மட்டும் நினைவிருந்தது. அதற்கு அவரே அதிர்ந்துபோனார். பிறகு அவர் கண்ணைத் துணியால் கட்டினேன். சென்னையிலிருந்து சீல் வைத்து வந்த புதுப் பாட்டில்கள். வரிசையை நானே கலைத்திருந்தேன், எது எப்போது வரும் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

கிராம்பு. "ஒண்ணும் இல்ல சுதா." காப்பி. "இல்ல." பூண்டு. "இல்ல."

நாலாவதாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தேன். அதற்கு முன்பு நானே அதை இரண்டு முறை மோந்திருந்தேன். வெறும் தண்ணீர். கண்ணாடியின் வாசனைகூட இல்லை.

நிஷாக்கா அசையாமல் இருந்தார். கட்டியிருந்த துணி மெல்ல நனைவது தெரிந்தது.

"வருது," என்றார்.

"இன்னா வருதுக்கா?"

"கற்பூரம். எலந்த எல. கற்பூரம் ஜாஸ்தியா போட்டுட்டேன் போலிருக்குது."

படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. இல்லாத வாசனை: உண்டு, இல்லை. நான் 'உண்டு' என்பதில் டிக் அடித்தேன். எங்கள் ஆய்வில் அந்தக் கட்டத்தில் விழுந்த முதல் சரியான டிக் அது. அடுத்த பாட்டிலுக்குப் போக வேண்டும் என்பதால் இதை மூடிவைக்க மூடியைக் கையில் எடுத்தேன். அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் அவர் கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"மூடிடாத சுதா," என்றார். "அக்காவ இப்பதான் குளிப்பாட்டிக்கினு இருக்கேன்."